மழையில் கெடும் கடற்படகு

அமெரிக்காவின் புளோரிடாவில் பழைய படகை விற்க வருபவர், அது ஏரியிலும் ஆற்றிலும் மட்டுமே ஓடியது என்று சொல்ல முடிந்தால், விளம்பரத்தின் முதல் வரியிலேயே அதைப் போட்டுவிடுவார். வாங்க வருபவரும் அதைப் படித்ததும் கொஞ்சம் இளகுவார். உப்புத்தண்ணீர் படாத படகுக்கு அங்கே தனி மதிப்பு. இந்த நம்பிக்கை பாதிதான் சரி. படகின் பின்னால் தொங்கும் இயந்திரத்தை வைத்துப் பேசினால் மறுக்க ஒன்றுமில்லை. அந்த இயந்திரத்தைச் சுமக்கும் படகுக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. கடலுக்கென்றே கட்டிய ஃபைபர்கிளாஸ் படகை உள்ளிருந்து தின்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மழைநீர்.

நாம் பார்க்கப்போவது ‘சென்டர் கன்சோல்’ எனப்படும் வகை. ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளம். கூரை போட்ட அறை எதுவும் கிடையாது. நட்டநடுவில் மார்பளவு உயரத்துக்கு ஒரு மேடை, அதில் சுக்கான் சக்கரமும் அளவுமானிகளும் இருக்கும். ஓட்டுபவர் அதன் பின்னால் நின்றபடியே ஓட்டுவார். சுற்றிலும் வெறும் தளம். 1960களில் புளோரிடாவின் படகுப் பட்டறைகளிலிருந்து இந்த அமைப்பு பரவியது. தூண்டில் மீன்பிடிப்புதான் இதற்குக் காரணம். மயில்மீனோ சூரையோ தூண்டிலைக் கவ்வினால் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடாது, படகைச் சுற்றும். கோலைப் பிடித்தவரும் முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை அதன் போக்கிலேயே சுற்றியாக வேண்டும். வழியில் ஓர் அறை குறுக்கிட்டால் தூண்டில் நரம்பு அதன் விளிம்பில் உரசி அறுந்துவிடும்.

ஓட்டுபவரை நடுவில் நிறுத்தியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. அலையில் படகு முன்னும் பின்னும் தலையாட்டும்போது, அந்த ஆட்டத்தின் அச்சு நடுவுக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கும். அணியத்தில் நிற்பவர் தூக்கி எறியப்படும் அலையில், நடுவில் நிற்பவர் முழங்காலை மடக்கிச் சமாளித்துவிடுவார்.

சமாளிக்க வேண்டிய கடலும் சாதாரணக் கடல் அல்ல. புளோரிடாவின் கிழக்குக் கரையை ஒட்டி வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 3 கோடி கனமீட்டர் நீர் அதில் போகிறது, அமேசான் ஆற்றைப் போல நூறு மடங்குக்கும் மேல். பாம் பீச் அருகே அது கரைக்கு மிகவும் நெருங்கி வருவதால், காலையில் புறப்படும் சிறு படகு சீக்கிரமே ஆழ்கடல் மீன் இருக்கும் நீலத்தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவுக்காரரான ‘கிங் மேக்கரல்’ அங்கே பெயர் பெற்றது. ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து காற்று கிளம்பினால், எதிர்த்து வரும் நீரோட்டத்தில் அலைகளின் நீளம் குறுகி, உயரம் கூடி, சுவர்போல் நிமிரும். வழக்கமான கடலில் அலைமேல் ஏறி இறங்கிப் போகிற படகு, இங்கே ஓர் அலையின் உச்சியிலிருந்து அடுத்ததன் மேல் விழும்.

எப்படி விழுகிறது என்பதை முதலில் கணக்குப் போட்டவர்கள் படகுக்காரர்கள் அல்ல. கடல் விமானங்கள் நீரில் இறங்கும்போது அவற்றின் மிதவைகள் உடைவது ஏன் என்ற கேள்விக்கு, 1929இல் விமானவியல் அறிஞர் தியோடோர் வான் கார்மன் ஒரு சிறு ஆய்வறிக்கை எழுதினார். ஆப்பு வடிவ அடிப்பாகம் நீரைத் தொடும் கணத்தில் எழும் அழுத்தம், அந்த ஆப்பின் சரிவைப் பொறுத்தது என்று அதில் காட்டினார். அவருடைய எளிய சூத்திரத்தில் 10 பாகைச் சரிவையும் 24 பாகைச் சரிவையும் போட்டுப் பார்த்தால், முன்னதில் அழுத்தம் பின்னதைவிட இரண்டரை மடங்கு வருகிறது. சரிவே இல்லாத தட்டை அடிப்பாகத்துக்கு அந்தச் சூத்திரம் முடிவிலியைத் தரும். அப்போது நீரில் ஒலி செல்லும் வேகம் வந்து அந்த முடிவிலிக்கு எல்லை கட்டும் என்று வான் கார்மனே சொல்லிவிட்டார். தட்டையான படகில் அலைமேல் போனவர்களின் முதுகெலும்புக்கு இந்தச் சூத்திரம் தேவையில்லை.

படகுக்காரர்கள் இதைத் தங்கள் வழியில் கண்டுகொள்ள மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1958இல் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டி நடந்தபோது, கொந்தளிப்பான கடலில் ஒரு சிறு விசைப்படகு வேகம் குறையாமல் ஓடுவதை டிக் பெர்ட்ராம் என்ற பாய்மர வீரர் பார்த்தார். ரே ஹன்ட் வடிவமைத்த படகு அது. வழக்கமான படகுகளில் V வடிவம் அணியத்தில் ஆழமாக இருந்து, அமரத்தை நெருங்க நெருங்கத் தட்டையாகிவிடும். ஹன்டின் படகில் அமரம்வரை அந்த ஆழம் குறையவில்லை. பெர்ட்ராம் தமக்கும் அப்படி ஒன்றை, 31 அடியில், கட்டச் சொன்னார். 1960 மயாமி–நாசோ விசைப்படகுப் போட்டியில், பலத்த காற்றில், ‘மாப்பி’ என்ற அந்தப் படகு எட்டு மணி நேரத்தில் இலக்கை அடைந்தது. அடுத்து வந்ததும் ஹன்டின் வடிவமைப்பே. மற்றவை வந்து சேர மறுநாள் ஆயிற்று. வேகமான கடற்படகு என்றால் ஆழமான V என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று சொல்லலாம்.

இந்த அடிப்பாகம் ஒரு வேகத்துக்கு மேல்தான் தன் வேலையைக் காட்டும். நீரை விலக்கிக்கொண்டு மிதந்து போகும் படகு, தன் நீளம் அனுமதிக்கிற வேகத்தைத் தாண்ட முடியாமல், தானே எழுப்பிய அலைக்குள் சிக்கிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்த விஷயம் இது. நம் ஏழு மீட்டர் படகுக்கு அந்த எல்லை மணிக்கு 11 கிலோமீட்டர் அளவில் வருகிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் படகு நீரின் மேல் எழும்பி வழுக்கிப் போக வேண்டும். அதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும். எடை என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறோம்.

குடும்பத்தோடு போவதற்கு இந்தப் படகு எப்படி? இங்கேதான் V வடிவம் பழிவாங்கும். ஓடும்போது அலையை வெட்டிக்கொண்டு போகிற அதே ஆழமான அடிப்பாகம், நிறுத்தி வைத்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். தட்டையான படகு நின்றால் அசையாது, ஓடினால் அடிக்கும். அகலத்தைக் கூட்டி உருளலைக் குறைக்கலாமே என்றால், அதற்குத் தடை போடுவது கடல் அல்ல, சாலை. டிரெய்லரில் ஏற்றித் தனி அனுமதி இல்லாமல் இழுத்துப்போக 8 அடி 6 அங்குலம்தான் அகல வரம்பு. அதனால்தான் 23 அடிப் படகும் 26 அடிப் படகும் பெரும்பாலும் ஒரே அகலத்தில் வந்து நிற்கின்றன. நெடுஞ்சாலைத் துறையின் விதி ஒன்று, நடுக்கடலில் ஒரு குழந்தைக்குக் குமட்டல் வருமா வராதா என்பதில் கை வைக்கிறது.

நிழலும் இல்லை. அதற்காகக் கன்சோலின் மேல் குழாய்ச் சட்டம் கட்டிக் கூரை போடுவார்கள். எடை உயரத்துக்கு ஏறும், உருளலும் மாறும். மணல்திட்டில் நங்கூரம் போட்டுவிட்டு எல்லோரும் அணியத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடும்போது, அமரத்தில் இருக்கும் வடிகால் துளைகளின் மட்டமும் மாறிவிடும். தளத்தில் விழும் நீர் தானே வெளியேற அவை நீர்மட்டத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். பாதுகாப்பைப் பொறுத்தவரை சட்டம் ஒன்றே ஒன்றைச் சமீபத்தில் கறாராகச் சொல்லியிருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைந்த விசைப்படகுகளை வேகமாக ஓட்டுபவர், கீழே விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் இணைப்பை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். ஓட்டுபவர் கடலில் விழுந்துவிட்டால் படகு நேராகப் போய்விடுவதில்லை. சுழலியின் முறுக்கு சுக்கானைத் திருப்பிவிடும். ஆளில்லாத படகு விழுந்தவரைச் சுற்றி வட்டமடித்துத் திரும்பி வரும்.

இனி பழைய படகுக்கு வருவோம். ஒரு வீட்டு முற்றத்தில், டிரெய்லரின் மேல், இருபது வயதுப் படகு ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

வெளித்தோல் மங்கி, விரல் வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். பார்ப்பவர் முதலில் முகம் சுளிப்பது இதற்குத்தான். கவலைப்படத் தேவையில்லாததும் இதுவே. ஜெல்கோட் எனப்படும் அந்த மேற்பூச்சு அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் அதன் மேற்பரப்பை மட்டும் சிதைத்திருக்கிறது. அதற்கு உள்ளே கண்ணாடி இழைப் பாய்களும் பாலியெஸ்டர் ரெசினும் மாறி மாறிப் படிந்திருக்கும். ரெசினில் கலந்துள்ள ஸ்டைரீன், வினையூக்கி பட்டதும் பாலியெஸ்டர் சங்கிலிகளுக்கு இடையே பாலம் பாலமாகக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே பெரிய வலையாக்கிவிடும். ஒருமுறை இறுகினால் மறுபடி உருக்க முடியாது. ஃபைபர்கிளாஸ் துருப்பிடிக்காது, பூஞ்சை தின்னாது, கப்பல்புழு துளைக்காது.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரங்களின் இடத்தை மளமளவென்று பிடித்துக்கொண்ட ஃபைபர் படகுகளும் இதே ரெசின், இதே பாய்தான். ஆனால் அவற்றின் வாழ்க்கை வேறு. அன்றாடம் கடலுக்குப் போய், அலை உடையும் இடத்தைத் தாண்டி வந்து, மணலில் இழுபட்டுத் தேய்கிற தொழில்படகு அது. புளோரிடாவின் முற்றத்துப் படகைப் போல மாதக்கணக்காக உறை போர்த்திச் சும்மா நிற்க அதற்கு நேரமில்லை. சும்மா நிற்பதுதான் இங்கே வில்லன்.

ரெசின் நீர்புகாதது என்று நினைப்போம். அது சரியல்ல. நீராவியாக ஒவ்வொரு மூலக்கூறாகத் தண்ணீர் மேற்பூச்சைத் தாண்டி உள்ளே போகும். ரெசின் ஒருபோதும் நூறு சதவீதம் இறுகுவதில்லை. நீரில் கரையும் மிச்சசொச்சங்கள் அங்கங்கே தங்கியிருக்கும். வந்த தண்ணீர் அவற்றைக் கரைக்கும், பாலியெஸ்டரின் பிணைப்புகளையும் மெல்ல உடைத்து அமிலமும் கிளைக்காலும் உண்டாக்கும். இப்போது ஒரு சிறு குழியில் அடர்ந்த கரைசல், வெளியே நீர்த்த நீர், நடுவில் ஜெல்கோட் என்ற மெல்லிய சவ்வு. பன்றியின் சிறுநீர்ப்பையைச் சவ்வாக வைத்து 1748இல் பிரான்சின் நோலே பாதிரியார் பார்த்த அதே சவ்வூடு பரவல் இங்கே நடக்கும். வெளிநீர் உள்ளே இழுபட்டு, அழுத்தம் ஏறி, மேற்பூச்சு கொப்புளமாகப் புடைக்கும். குத்தினால் காடிவாடையோடு ஒரு திரவம் பீச்சியடிக்கும். பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகாமல் குத்துவது நல்லது.

ஏரிப் படகின் விளம்பரம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கடல்நீருக்கே ஏறத்தாழ 27 வளிமண்டல அளவுக்குச் சவ்வூடு அழுத்தம் உண்டு. கொப்புளத்துக்குள் இருக்கும் கரைசல் அதையும் மிஞ்சினால்தான் கடலிலிருந்து நீரை இழுக்க முடியும். நன்னீரில் அந்த எதிர்ப்பே இல்லை, எவ்வளவு நீர்த்த கரைசலும் இழுக்கத் தொடங்கிவிடும். ஆண்டு முழுதும் ஏரியில் மிதந்த படகு, கடலில் மிதந்ததைவிடக் கொப்புளத்துக்கு எளிதாக ஆளாவது இதனால்தான். டிரெய்லரில் நிற்கும் படகுக்கு இந்த நோய் அபூர்வம், உலர நேரம் கிடைத்துவிடுகிறது. வினைல்எஸ்டர் ரெசினை வெளிப்படலத்தில் வைக்கத் தொடங்கிய பிறகு புதிய படகுகளிலும் குறைந்தது. பெரும்பாலான கொப்புளங்கள் அழகைக் கெடுக்குமே தவிரப் படகைக் கவிழ்க்காது. படகுக்குக் கிலி வர வேண்டியது வேறோர் இடத்தில்.

அந்த இடம் மரம். இருபது ஆண்டுகளுக்கு முந்திய பல ஃபைபர்கிளாஸ் படகுகளை அறுத்துப் பார்த்தால் உள்ளே மரம் இருக்கும். இயந்திரம் தொங்கும் பின்பலகை ஒட்டுப்பலகைதான். அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்களும் அதுவே. தளத்தின் இரு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே, ஈக்வடாரிலிருந்து வந்த பால்சா மரத்துண்டுகள் நிற்கும். விறைப்பு வேண்டும், எடை கூடக்கூடாது என்றால் இரண்டு வலுவான தோல்களைத் தள்ளி வைத்து இடையை லேசான பொருளால் நிரப்புவதுதான் வழி. பொறியியலாகப் பார்த்தால் கச்சிதமான யோசனை. பிறகு அந்தப் படகின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒருவர் தூண்டிற்கோல் செருக ஒரு பிடி மாட்டுகிறார், இன்னொருவர் மீன் காட்டும் கருவியின் உணரியைப் பின்பலகையில் திருகுகிறார், மூன்றாமவர் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பக்கத்திலேயே துளைக்கிறார். ஒவ்வொரு திருகும் அந்தத் தோலில் ஒரு வாசல். நல்ல பட்டறைக்காரர் துளையைப் பெரிதாக்கி, மரத்தைச் சுரண்டி, எப்பாக்ஸியால் நிரப்பி, அதன் நடுவில் மறுபடி துளைத்துத் திருகுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் படகில் வேலை செய்பவர் ஒரு பொட்டு சிலிக்கோன் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அந்த வாசல் வழியே கடல்நீர் போனால் ஓரளவு பரவாயில்லை. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கப்பல்கட்டிகள் விலாச்சட்டங்களின் இடைவெளிகளில் கல்லுப்பைத் திணித்துக் கட்டியதே இதற்காகத்தான். மழைநீர் போனால் பூஞ்சைக்கு விருந்து. மரத்தின் ஈரம் எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்தை எட்டி, கொஞ்சம் காற்றும், புளோரிடாவின் வெதுவெதுப்பும் இருந்தால் போதும், பூஞ்சை செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பழுப்புக் கட்டிகளாக விட்டுவைக்கும். அந்த மாநிலத்தில் ஏறத்தாழ சென்னை அளவுக்கே மழை. அதில் பெரும்பங்கு கோடை மதியங்களில் இடியோடு கொட்டும். முற்றத்தில் நிற்கும் படகின் வடிகாலை ஓர் இலை அடைத்திருந்தால், அல்லது அமரத்தின் அடைப்பைக் கழற்ற மறந்திருந்தால், அல்லது டிரெய்லர் முன்பக்கம் தாழ்ந்து நின்றால், மழை முழுதும் உள்ளேயே தங்கும். வாரம் தவறாமல் கடலுக்குப் போய், உப்பில் நனைந்து, திரும்பி வந்து அணியம் தூக்கி நிற்கும் படகின் மரம், ஐந்து ஆண்டாக உறைக்கு அடியில் ‘பத்திரமாக’ நின்றதன் மரத்தைவிட நன்றாக இருப்பதில் வியப்பில்லை.

தோலுக்கு அடியில் அழுகியதை எப்படித் தெரிந்துகொள்வது? படகு மதிப்பீட்டாளர் சிறு சுத்தியலோடு வருவார், சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவது போல அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், தோலும் உள்மரமும் பிரிந்த இடம் மந்தமாகும். ஈரமானி என்ற கருவியும் உண்டு. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80ஐ ஒட்டியது, உலர்ந்த ஃபைபர்கிளாஸுக்கு அது நான்கு ஐந்துதான். ஆகவே தோலைக் கிழிக்காமலே உள்ளீரத்தைக் கருவி மோப்பம் பிடித்துவிடும். ஆனால் செம்பு கலந்த அடிப்பூச்சும், உள்ளே மறைந்த உலோகமும் அதை ஏமாற்றும். பின்பலகைக்கு எளிய சோதனை வேறு இருக்கிறது. இயந்திரத்தை மேலே தூக்கி நிறுத்தி, அதன் கீழ்முனையில் ஓர் ஆளின் எடையைக் கொடுத்து அழுத்தினால், பலகையின் மேல்விளிம்பு வளைகிறதா என்று பார்க்கலாம். வளைந்தால் பேச்சு முடிந்தது. விற்பவர் முன்னிலையில், அனுமதி கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது.

மரத்துக்கு அடுத்தது ஃபோம். 1961இல் லைஃப் இதழில் ஒரு படம் வந்தது. பாஸ்டன் வேலர் நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஃபிஷர், கோட்டும் தொப்பியுமாகப் படகில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் ரம்பத்தால் அந்தப் படகைக் குறுக்கே அறுத்துக்கொண்டிருப்பார். அறுந்த பாதியில் இயந்திரத்தோடு ஃபிஷர் ஓட்டிக்கொண்டு போனார். இரு தோல்களுக்கு இடையே பாலியூரித்தேன் ஃபோமை ஊற்றி நிரப்பிய படகு அது. அதன் அடிப்பாகத்தில் கைவைத்தவரும் நம் ரே ஹன்ட்தான். 1971இல் வந்த கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 20 அடிக்குக் குறைந்த படகுகள் நீர் நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்பது விதியாயிற்று. பெரிய படகுகளிலும் பல கட்டுநர்கள் ஃபோமை ஊற்றினார்கள். அதன் நுண்ணறைகள் மூடியவை, நீர் குடிக்காதவை என்றுதான் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு அது உண்மையும்கூட. அலையில் வருடக்கணக்காகக் குலுங்கி அறைச்சுவர்கள் உடைந்து, ஈரத்திலேயே கிடந்தால், அது தண்ணீரைக் குடிக்கும், குடித்ததைத் திருப்பித் தராது.

உப்பின் பங்குக்கு வருவோம். அது உலோகத்தில். 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு வழி சொன்னார். கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத்தகடு கடல்நீரில் கரைகிறதா, அதோடு கொஞ்சம் துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ தொடவிடுங்கள், செம்புக்குப் பதில் அது கரையும் என்றார். கொச்சியில் கட்டிய ‘சமராங்’ என்ற போர்க்கப்பலில் சோதித்தார்கள். செம்பு பிழைத்தது. கூடவே, கரைந்த செம்பின் நஞ்சு இல்லாமல் போனதால் அடியெங்கும் கொட்டலசும் பாசியும் மண்டிக் கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அதைக் கைவிட்டது. டேவியின் வேதியியல் பிசகவில்லை, உயிரியல்தான் ஏமாற்றிவிட்டது. இன்றைக்குப் படகின் பின்னால் தொங்கும் எல்லா அவுட்போர்டு இயந்திரத்திலும் அதே உத்திதான் ஒரு சிறு உலோகக் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தின் உடல் அலுமினியம், சுழலி துருவேறா எஃகு, நடுவே உப்புநீர். இது ஒரு மின்கலம். கட்டி கரையும்வரை அலுமினியம் தப்பும். பழைய படகில் அந்தக் கட்டி பாதி கரைந்திருந்தால் நல்ல அறிகுறி, வேலை செய்திருக்கிறது. இருபது ஆண்டுப் படகில் கரையாத பழைய கட்டியைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும், அது இயந்திரத்தோடு மின்தொடர்பில் இல்லை. ஏரியில் ஓடியதற்கு இங்கேயும் ஒரு சிக்கல். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் படலம் படிந்து அது செயலற்றுப்போகும். அங்கே மக்னீசியம் போடுவார்கள். அதை மாற்றாமல் கடலில் இறக்கினால் மக்னீசியம் மளமளவென்று கரைந்து காணாமல் போய்விடும்.

உப்பும் நன்னீரும் கூட்டுச் சேரும் இடம் பெட்ரோல் தொட்டி. அலுமினியத் தொட்டியைத் தளத்துக்கு அடியில் வைத்துச் சுற்றிலும் ஃபோமை ஊற்றிவிடுவது பலரின் வழக்கமாக இருந்தது. அலுமினியம் பிழைப்பதே அதன்மேல் தானே படியும் ஆக்சைடு படலத்தால்தான். அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈர ஃபோம் தொட்டியை அணைத்துக்கொண்டு காற்றை அடைத்துவிட்டால், உலோகம் புள்ளி புள்ளியாகக் குழி விழும். கடைசியில் பெட்ரோல் கசிந்து படகின் அடிவயிற்றில் ஆவியாகத் தேங்கும். பெட்ரோல் வாடை அடிக்கும் படகை, விலை எவ்வளவு குறைத்தாலும், அந்த நிலையில் இயக்கிப் பார்க்கவே கூடாது. தொட்டியை மாற்றத் தளத்தை அறுத்தாக வேண்டும்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், நல்ல மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். உருளைகளின் அழுத்தம் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பல்சக்கர எண்ணெய் பால்நிறமாக வந்தால் நீர் புகுந்திருக்கிறது. ‘மிகக் குறைந்த மணிநேரமே ஓடியது’ என்பது இன்னொரு இனிப்பான விளம்பரம். பதினைந்து ஆண்டில் நூறு மணி ஓடிய இயந்திரத்தில் ரப்பர் காய்ந்திருக்கும், குளிர்நீர்ப் பாதையில் உப்பு படிந்து இறுகியிருக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி அடியில் தனியாகப் பிரிந்திருக்கும். வாராவாரம் ஓடி, ஒவ்வொரு முறையும் நன்னீரால் அலசிய இயந்திரம் ஆயிரம் மணி கடந்திருந்தாலும் மேல். படகின் உடலுக்கு நஞ்சான நன்னீர் இங்கே மருந்து.

கடைசியாகக் கடலில் ஓட்டிப் பார்ப்பார்கள். முழு வேகம் கொடுத்தால் இயந்திரம் அதன் தயாரிப்பாளர் குறித்த சுழற்சி எல்லைக்குள், எடுத்துக்காட்டாக நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 வரை, ஏற வேண்டும். ஏறாமல் முக்கினால் சுழலி பொருந்தவில்லை என்று விற்பவர் சொல்வார். இருக்கலாம். படகு இருக்க வேண்டியதைவிட அதிக எடையில் இருந்தாலும் இதுவே நடக்கும். வழுக்கிப்போகும் படகுக்கு எடைதான் எல்லாம் என்று முன்பே பார்த்தோம்.

இதைத் தீர்த்துவைக்கும் கருவி படகுத்துறையில் இல்லை, நெடுஞ்சாலை ஓரத்து லாரி எடைமேடையில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகின் உலர் எடை 1,150 கிலோ என்று தயாரிப்பாளரின் ஏடு சொல்கிறது. இயந்திரம் 220 கிலோ. தொட்டியில் 200 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு முக்கால் கிலோ வீதம் 150. டிரெய்லர் 500, மின்கலம், நங்கூரம், சாமான் எல்லாம் சேர்த்து 80. மொத்தம் 2,100 வர வேண்டும். எடைமேடை 2,400 காட்டுகிறது. ஏட்டில் இல்லாத அந்த 300 கிலோ, தளத்துக்கு அடியில், ஃபோமிலும் மரத்திலும் தங்கிவிட்ட தண்ணீர். நான்கு பேரை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு ஓடுகிற படகு அது. வெயிலில் நிறுத்தினால் காய்ந்துவிடும் என்று விற்பவர் சொல்லக்கூடும். மூடிய தோலுக்குள் இருக்கும் ஈரம் ஒரு கோடையில் வெளியே வராது. தளத்தை அறுத்துத் திறந்து, ஃபோமைத் தோண்டி எறிந்து, சட்டங்களைப் புதிதாகப் போட்டு மறுபடி மூட வேண்டும். அந்தப் பட்டறைச் செலவைப் படகின் விலையிலிருந்து கழித்துப் பார்த்தால், பெரும்பாலும் மிஞ்சுவது டிரெய்லரின் விலைதான்.